என் ஈரலுக்கு எர்த் தேடிய கதை

நான் மூன்றாம் வகுப்பு வரைக்கும்தான் படித்தவன். அதிலும் கடைசிக் கொஞ்ச மாசம் பள்ளிக்கூடத்துப் பக்கம் போகவில்லை. ஆனால் நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுகிறவர்களில் யார் கை நல்ல கை என்று எந்த டிரைவரை வேண்டுமானாலும் நிறுத்திக் கேட்டுப் பாருங்கள். என் பட்டறைக்குத்தான் வழி காட்டுவார். ஒரு வெல்டிங் ஹோல்டரும் கறுப்புக் கண்ணாடியும் மட்டும் வைத்துக்கொண்டு கூலிக்கு வந்தவன் நான். இன்றைக்கு நான் கட்டிய பாடி வடக்கே பனி விழுகிற ஊர் வரைக்கும் போய் ஆப்பிள் ஏற்றிக்கொண்டு வருகிறது. என் கையால் பற்றவைத்த இடம் விட்டுப்போச்சு என்று இதுவரைக்கும் ஒரு வண்டி திரும்பி வந்ததில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை. வெல்டிங்கில் எனக்கு இருக்கிற ஞானம் தெரிந்தால்தான் பின்னால் நடந்தது புரியும் என்பதற்காகச் சொல்கிறேன். கொஞ்சம் பெருமைக்காகவும்தான்.

இப்படிப்பட்டவனுக்கு ஈரலில் ஒரு கட்டி வந்தது.

வந்தது எனக்கே தெரியாது. வலி இல்லை, வாந்தி இல்லை, பசியும் குறையவில்லை. கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை செய்கிற என் மகள், சர்க்கரை இருக்கிறவர்கள் அப்பப்போ உடம்பு முழுக்கப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று பிடிவாதம் பிடித்துச் சேலத்துக்குக் கூட்டிப் போனாள். ஸ்கேன் எடுத்த பெண் வயிற்றின் வலது பக்கம் ஒரே இடத்துக்கே கருவியை மறுபடி மறுபடி கொண்டுவந்தாள். பட்டறையில் நானும் அப்படித்தான். சேசிஸில் கீறல் இருக்கிற இடத்துக்குத்தான் விரல் திரும்பத் திரும்பப் போகும். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

மறுபடியும் பெரிய ஸ்கேன், ரத்தம், அது இது எல்லாம் முடிந்த பிறகு ஈரல் டாக்டர் என்னையும் மனைவியையும் மகளையும் உட்கார வைத்தார். நரைத்த மீசைக்காரர். சுற்றி வளைக்காமல், இது புற்றுநோய்க் கட்டிதான் என்றார். என் மனைவியின் முந்தானை கண்ணுக்குப் போனது. மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"குடிப் பழக்கம் உண்டா?" என்று கேட்டார்.

"ஒரு சொட்டு நாக்குல பட்டதில்லீங்க. மதுக்கடைக்காரன் கம்பிக் கதவு பத்தவெக்கக் கூப்புட்டப்பக்கூட நான் போகலீங்க."

"அப்போ இது கொழுப்புனால வந்ததுதான். உங்களுக்குக் கொழுப்பு ரொம்ப அதிகம். பல வருசமா இருந்திருக்கும். யாருமே சொன்னதில்லையா?"

அழுதுகொண்டிருந்த என் மனைவி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "நான் கட்டிக்கிட்டு வந்த நாள்லருந்து சொல்லிட்டுத்தானுங்க இருக்கறேன். காதுல போட்டுக்கிட்டாத்தானுங்களே!"

டாக்டர் பாவம், ஈரலில் படிகிற கொழுப்பைப் பற்றி விளக்கப் படம் எடுத்து மேசைமேல் வைத்தார். என் மகள் அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் வெளியே போய்விட்டாள். கொழுப்பு பல வருசமாகப் படிந்து, ஈரல் தழும்பேறி இறுகி, அந்தத் தழும்பில் கட்டி கிளம்பியிருக்கிறது. இதுதான் அவர் சொன்னதன் சாரம். தழும்பேறிய ஈரலை வெட்டினால் மிச்ச ஈரல் தாங்குமா என்பது சந்தேகம். ஆனால் கட்டி ஒன்றே ஒன்று. மூன்று சென்டிமீட்டருக்குள்ளே இருக்கிறது. வெளியிலிருந்து ஒரு ஊசியை விட்டு, சூடு வைத்தே அதைச் சாகடித்துவிடலாம்.

"இந்த அளவுல இருக்கறப்பச் செஞ்சா, வெட்டி எடுக்கறதுக்குக் கிட்டத்தட்டச் சமமா வேலை செய்யும். பெருசாயிடுச்சுன்னா சூடு ஓரம் வரைக்கும் பத்தாது. அதனால தள்ளிப் போடாதீங்க" என்றார்.

தள்ளிப் போடாதீங்க. அந்த ஒரு சொல்லை என் மனைவி பிடித்துக்கொண்டாள். 

அன்றைக்கே பட்டறை மேஸ்திரிக்குப் போன் போட்டேன். "லிவர்ல பிரச்சினை. சூடு வெக்கோணுங்கறாங்க. சேலத்துல இருக்கறேன், வர நேரமாகும்" என்றேன்.

பட்டறையில் லிவர் என்றால் கியர் போடுகிற லிவர், டயர் கழற்றுகிற லிவர், இரண்டுதான்.

"அதுக்கெதுக்குங்கண்ணா சேலம் போனீங்க? கேஸ் கட்டர் இங்க சும்மாதான் கெடக்குது. காச்சி நிமித்திப்புடலாமுல்ல?"

"டேய், என்ற லிவருடா!"

"உங்க கார் லிவருங்களா? அது மேல பூராப் பிளாஸ்டிக்குங்கண்ணா. சூடு வெச்சா உருகிப்போயிருமுங்க. அவங்க சொல்றதைக் கேக்காதீங்க."

ஈரலுடா, ஈரல் என்று நான் கத்திய பிறகுதான் அவனுக்குப் புரிந்தது. "அண்ணா, நீங்க குடிப்பீங்கன்னு எனக்குத் தெரியவே தெரியாதுங்கண்ணா" என்றான்.

இதுதான் எனக்குக் கட்டியை விடப் பெரிய கட்டியாகப் போயிற்று. நாமக்கல் முழுக்க நான் ஒளிந்து குடித்தவன் என்றாகிவிட்டது. என் மனைவியின் தம்பி கோழிப்பண்ணை வைத்திருக்கிறார். ஒவ்வொரு சனிக்கிழமையும் பொழுது சாய்ந்தால் அவரை வீட்டில் பார்க்க முடியாது. அவருடைய ஈரல் புதுச் சைக்கிள் மாதிரி இருக்கிறதாம், போன மாசம்தான் பார்த்தாராம். அவர் ஒரு கூடை இளநீரோடு வந்து என் கட்டிலில் உட்கார்ந்தார்.

"மாமா, போனது போகுட்டும். இனிமேலாச்சும் உட்டுப்போடுங்க."

"எதை மாப்ள?"

"தெரியாத மாதிரி கேக்கறீங்க பாருங்க" என்று கண்ணைச் சிமிட்டினார்.

"இது கொழுப்பு மாப்ள, கொழுப்பு!"

"நான் நல்லதுதானுங்க மாமா சொன்னேன். எனக்கென்னுங்க கொழுப்பு?" என்று கோபித்துக்கொண்டு எழுந்தார். என் மனைவிதான் சமாதானம் சொல்லி உட்கார வைத்தாள்.

அடுத்த வாரம் சூடு வைக்கிற டாக்டரைப் பார்க்கப் போனோம். அவர் ஒரு பெண். என் மகளைவிட ஓரிரண்டு வயது கூட இருக்கும். பேச்சைக் கேட்டால் ஆத்தூர்ப் பக்கம் என்று தெரிந்தது. ஸ்கேனில் பார்த்துக்கொண்டே ஊசியைக் கட்டிக்குள் கொண்டுபோய், அதில் கரண்டு விட்டு, ஊசி முனையைச் சுற்றி இருப்பதை வேக வைத்துவிடுவோம் என்று நிதானமாகச் சொன்னார். நான் கேட்டேன், எல்லாரும் கேட்கிற கேள்வி இல்லை.

"அம்மணி, எர்த் எங்கீங்க குடுக்கறீங்க?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "என்ன கேட்டீங்க?"

"கரண்டு உள்ள போனா வெளிய வரோணுமுல்லீங்க. ஹோல்டர் ஒரு பக்கம்னா எர்த் கிளிப்பு ஒரு பக்கம் இருக்கோணுமே. ஒடம்புல எங்க மாட்டுவீங்க?"

"ஐயா, இத்தனை வருசத்துல ஒரு பேஷண்ட் கூட என்னை இதைக் கேட்டதில்லை" என்றார். நான் மனைவியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ரெண்டு தொடையிலயும் பட்டை ஒட்டுவோம். அதுதான் எர்த். ஊசியில போற கரண்டு அது வழியாத் திரும்பிடும்" என்றார் டாக்டர்.

"அப்ப இது வெல்டிங்குதானுங்க!"

"வெல்டிங் ஒட்டறதுக்கு. நாங்க அழிக்கறதுக்கு."

ஆனாலும் எனக்குப் பாதிப் பயம் போய்விட்டது. தெரியாத ஊரில் நம் ஊர் வண்டியைப் பார்த்தது மாதிரி இருந்தது. டீசல் டேங்க் பக்கத்தில் பற்றவைக்கும்போது நாங்கள் ஈரச் சாக்குப் போடுவோமே, ஈரலுக்குப் பக்கத்தில் இருக்கிற குடல் வெந்து போகாதா என்று கேட்டேன். அவர்களும் நடுவில் தண்ணீர் விட்டுக் குடலை ஒதுக்கி வைப்பார்களாம். அதிலும் உப்புத் தண்ணீர் விட்டால் கரண்டைக் கடத்தும் என்று குளுக்கோஸ் தண்ணீர்தான் விடுவார்களாம்.

"எனக்கே சர்க்கரைங்க. உள்ள வேற சர்க்கரைத் தண்ணி உடறீங்களா?"

"அதை நாங்க பாத்துக்கறோம்" என்றார். பிறகு ஆபத்துகளையும் ஒன்று விடாமல் சொன்னார். ரத்தம் கசியலாம், சீழ் பிடிக்கலாம், பக்கத்தில் எதிலாவது சூடு படலாம். இதெல்லாம் அபூர்வம்தான், ஆனால் இல்லவே இல்லை என்று சொல்ல மாட்டேன் என்றார். கடைசியாக ஒன்று சொன்னார். "தொடையில பட்டை சரியா ஒட்டலைன்னா அந்த இடத்துல தோல் வெந்துடும். அதை நாங்க கவனமா ஒட்டுவோம்."

அவர் சொன்னதில் முதல் பாதிதான் என் காதில் நின்றது.

பட்டறையில் வேலைக்கு வருகிறவனுக்கு நான் முதலில் கற்றுக்கொடுப்பதே இதைத்தான். எர்த் கிளிப்பைப் பெயின்ட் மேலே மாட்டாதே. துரு மேலே மாட்டாதே. சுரண்டு. இரும்பு பளபள என்று தெரிகிற வரைக்கும் சுரண்டிவிட்டு மாட்டு. இல்லையென்றால் கிளிப் இருக்கிற இடம்தான் முதலில் சூடாகும். ஆஸ்பத்திரிக்காரர்கள் ஆயிரம் பேருக்குச் செய்கிறவர்கள், அவசரத்தில் ஒட்டுவார்கள். என் எர்த்தை நான்தானே பார்த்துக்கொள்ள வேண்டும்?

ஆஸ்பத்திரியில் சேர வேண்டிய நாளுக்கு முந்தின நாள் மத்தியானம், குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு தொடையையும் வழவழ என்று சிரைத்தேன். தொட்டுப் பார்த்தேன். திருப்தியாக இல்லை. வயசான தோல், மேலே ஒரு படலம் இருக்கத்தானே செய்யும்? பட்டறையிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த உப்புத்தாளை எடுத்தேன். பயப்படாதீர்கள், முரட்டுத் தாள் இல்லை. கடைசிக் கோட்டு பெயின்டுக்கு முன்னால் தேய்க்கிற மிக நைசான தாள். தண்ணீர் தொட்டுத் தொட்டுத்தான் தேய்த்தேன். எந்த வெல்டரும் அதைத்தான் செய்திருப்பான்.

மறுநாள் காலையில் ஆஸ்பத்திரியில் உடுப்பு மாற்ற வந்த நர்ஸம்மா என் வேட்டியை ஒதுக்கிவிட்டு, "ஐயோ சாமி!" என்றார். இரண்டு தொடையும் உரித்த தக்காளி மாதிரி இருந்தன. டாக்டர் அம்மணி வந்து நின்றார். குனிந்து இரண்டு தொடையையும் பார்த்தார்.

"எதுல விழுந்தீங்க?"

"உழுகலீங்க. எர்த் நல்லாப் புடிக்கட்டும்னு உப்புத்தாள்ல தேச்சேனுங்க."

டாக்டர் கண்ணை மூடித் திறந்தார். "புண்ணான தோல் மேல பட்டை ஒட்டவே கூடாதுங்க ஐயா. அதுதான் வெந்துபோகும். சரி, பரவாயில்லை. முதுகுல ஒட்டிக்கலாம்."

நான் தரையைப் பார்த்தேன்.

"என்னங்க ஐயா?"

"முதுகும் தேச்சாச்சுங்க அம்மணி. ஒருவேளை தொடை பத்தலீன்னா ஆகட்டும்னு. எனக்குக் கை எட்டுல. மாப்ளதான் தேச்சுவுட்டாரு."

மூலையில் நின்றிருந்த மாப்பிள்ளை, "அவருதானுங்க தேய்க்கச் சொன்னாரு. இன்னும் அழுத்து, இன்னும் அழுத்துன்னாருங்க" என்று அவசரமாகச் சொன்னார்.

என் மனைவி தம்பியைப் பார்த்த பார்வையில் உப்புத்தாளே வேண்டியதில்லை. பிறகு டாக்டரிடம் திரும்பி, ஒன்றே ஒன்றைத்தான் கேட்டாள். "இந்தப் புண்ணு ஆறறதுக்குள்ள அந்தக் கட்டி பெருசாயிருங்களா அம்மணி?"

"ஒண்ணு ரெண்டு வாரத்துல ஒண்ணும் ஆயிடாதும்மா. மாசக்கணக்குல தள்ளினாத்தான் வம்பு" என்றார் டாக்டர். பிறகு மேசையில் என் ஸ்கேன் படத்தை விரித்து, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "உண்மையைச் சொன்னா, நான் ரெண்டு நாளா இதையேதான் யோசிச்சிட்டிருந்தேன். இங்க பாருங்க, கட்டிக்குப் பக்கத்துலயே ஒரு ரத்தக் குழாய் ஓடுது. ஓடற ரத்தம் சூட்டை இழுத்துட்டுப் போயிடும். அந்த ஓரம் வேகாமத் தப்பிச்சா, அங்கேருந்து மறுபடியும் வளரும்."

இது எனக்குத் தெரியாதா? தண்ணீர் ஓடுகிற பைப்பில் யாராவது பற்றவைக்க முடியுமா? எவ்வளவு சூடு கொடுத்தாலும் தண்ணீர் குடித்துவிடும்.

"இன்னொரு மிஷின் இருக்கு. மைக்ரோவேவ். அது வேகமா, இன்னும் பலமாச் சூடாக்கும். குழாய் பக்கத்துல இருந்தாலும் ஓரளவு சமாளிக்கும். உங்களுக்கு அதுதான் நல்லதுன்னு தோணுது. அதுக்கு இந்தத் தொடைப் பட்டையெல்லாம் வேண்டியதில்லை."

"அப்ப எர்த்?"

"எர்த்தே கிடையாதுங்க ஐயா."

நான் எழுந்து நின்றுவிட்டேன். உப்புத்தாள் பட்ட இடம் எரிந்ததும் ஒரு காரணம். எர்த் இல்லாமல் கரண்டு விடுகிறவர்களைப் பற்றி எனக்குத் தெரியும். அப்படி ஒருவன் என் பட்டறையில் பற்றவைத்தான். கரண்டு தானாக ஒரு வழி தேடிக்கொண்டு சக்கரத்துப் பேரிங் வழியாகப் போய், பேரிங்கையே தின்றுவிட்டது. என் உடம்பில் எத்தனை பேரிங் இருக்கிறது!

கரண்டு உங்கள் உடம்பில் ஓடவே ஓடாது, ஊசி முனையிலிருந்து அலைதான் வரும், அது பக்கத்தில் இருக்கிற ஈரத்தை உலுக்கிச் சூடாக்கும் என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார். ஊசியைப் பார்க்க வேண்டுமா என்றும் கேட்டார். நான் எதையும் பார்க்கவில்லை. "ரோசனை பண்ணிட்டுச் சொல்றேனுங்க" என்று வேட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

புண் ஆறிவிட்டது. புதுத் தோல் கூட வந்துவிட்டது. ஆனால் மகள் போனில் கேட்டால் இன்னும் ஆறவில்லை என்றேன். மனைவி கேட்டால், அடுத்த வாரம் ஒரு பாடி டெலிவரி இருக்கிறது என்றேன். டெலிவரி முடிந்ததும் அமாவாசை போகட்டும் என்றேன். அமாவாசையைப் பார்த்து வண்டி கொடுத்தவன் நான் இல்லை. அது அவளுக்கும் தெரியும். பட்டறையில் இருக்கும்போது கை தானாக வலது விலாவுக்குக் கீழே போய் நிற்கும். வளர்கிறதா, நிற்கிறதா என்று விரலால் கேட்டுப் பார்ப்பேன். அது வெளியே தட்டுப்படுகிற கட்டி இல்லை. ஆனாலும் கேட்பேன்.

ஒரு நாள் மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தேன். மனைவி ஒரு கிண்ணம் ரசத்தைக் கொண்டுவந்து வைத்தாள். ஆவி பறந்தது. நான் பாதியை ஊற்றிக்கொள்ளும் வரைக்கும் காத்திருந்தாள்.

"ஏனுங்க, சூடா இருக்குதுங்களா?"

"இருக்குது."

"நடுவுல?"

"எல்லாப் பக்கமுந்தான் இருக்குது. என்ன புள்ள கேள்வி இது?"

"நம்ம புள்ள வாங்கிக் குடுத்த பொட்டியில வெச்சதுங்க. அதுவும் மைக்ரோவேவுதானுங்களாமா. வருசக் கணக்கா உங்களுக்கு இதுலதான் சுட வெச்சுப் போடறேன்." முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "ரசத்துக்கு நான் எந்தக் காதுலீங்க கிளிப்பு மாட்டுனேன்?"

வாயில் வைத்த சோறு அப்படியே நின்றது.

"அது வந்து புள்ள, அந்தப் பொட்டிக்குச் செவுத்துல மூணு ஓட்டைப் பிளக்கு, அதுல எர்த்..."

"பொட்டிக்கு இருக்குதுங்க. ரசத்துக்கு இருக்குதுங்களா? நீங்க பொட்டியா, ரசமா?"

வெல்டிங்கில் என்னை வாய் மூட வைத்தவர் தமிழ்நாட்டில் யாரும் கிடையாது. அவள் வெல்டிங் பற்றிப் பேசவில்லை, அதுதான் நான் மாட்டிக்கொண்ட இடம். என் தட்டுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள். கண்ணில் நீர் வழிந்தது, துடைக்கவும் இல்லை. "நீங்க ரசமாவே இருந்துட்டுப் போங்க. இருந்தாப் போதும்" என்றாள்.

கை கழுவிவிட்டு வந்து டாக்டர் அம்மணிக்கு நானே போன் போட்டேன்.

மறுபடியும் ஒரு ஸ்கேன் எடுத்தார்கள். கட்டி ஒரு துளி வளர்ந்திருந்தது, ஆனால் இன்னும் அந்த மூன்று சென்டிமீட்டர் கோட்டுக்கு உள்ளேதான். டாக்டர் அதைச் சொன்னபோது நான் மனைவியின் முகத்தைப் பார்க்கவில்லை.

குறித்த நாளில் என்னைப் படுக்க வைத்து உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். ஊசியைக் காட்டச் சொன்னேன், காட்டினார்கள். எங்கள் வெல்டிங் ராடை விட மெல்லிசு. இதற்கா இத்தனை நாள் பயந்தோம் என்றிருந்தது. "எத்தனை ஆம்பியருங்க வெக்கப் போறீங்க?" என்று மயக்க டாக்டரைக் கேட்டேன். "ஐயா, மூச்சை நல்லா இழுங்க" என்றார். ஆம்பியரைச் சொல்ல விருப்பமில்லை போலிருக்கிறது என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது. அதோடு சரி.

கண் விழித்தபோது எல்லாம் முடிந்திருந்தது. சூடு வைத்தது கொஞ்ச நேரம்தானாம். ஊசியை வெளியே எடுக்கும்போதும் வழி நெடுகச் சூடு வைத்துக்கொண்டேதான் எடுத்தார்களாம், ரத்தம் கசியாமல் இருக்க. வயிற்றில் ஒரு சின்ன பிளாஸ்திரி, அவ்வளவுதான். வலித்தது என்னவோ வலது தோள்பட்டை. "ஈரல்ல சூடு வெச்சா தோளு ஏனுங்க வலிக்குது? எர்த் அந்த வழியாப் போயிருச்சோ?" என்று கேட்டேன். ஈரலுக்கு மேலே இருக்கிற சவ்வும் தோளும் ஒரே நரம்பில் பேசிக்கொள்ளும், ரெண்டு நாளில் போய்விடும் என்றார் டாக்டர். போய்விட்டது. சில நாள் காய்ச்சல் வந்தது. செத்த திசுவை உடம்பு அப்புறப்படுத்துகிறது என்றார்கள். ஆனால் சூடு வைத்த அடுத்த நாளே வீட்டுக்கு வந்துவிட்டேன். மாப்பிள்ளை பார்க்க வந்தார். கையில் இளநீர் மட்டும்தான் இருக்கிறதா என்று என் மனைவி வாசலிலேயே நிறுத்திச் சோதித்துவிட்டுத்தான் உள்ளே விட்டாள்.

ஒன்று மட்டும் இங்கே சொல்லிக்கொள்கிறேன். நான் உப்புத்தாள் தேய்க்காமல் போயிருந்தால், அவசரத்தில் அந்தப் பழைய மிஷினிலேயே வைத்திருப்பார்கள். ரத்தக் குழாய் ஓரம் வேகாமல் தப்பித்திருக்கும். டாக்டர் யோசிக்க நேரம் கொடுத்தது யார்? இதை டாக்டரிடமே சொன்னேன். அவர் இல்லையென்று சொல்லவில்லை. தும்மல் வந்தது மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஆனால் சூடு வைத்தது போதுமா என்பது அன்றைக்கே தெரியாது. ஒரு மாசம் கழித்து மருந்து ஏற்றி ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும். ஓரத்தில் கொஞ்சம் உயிரோடு இருந்தாலும் மறுபடியும் ஊசி. பெரிய அளவில் மிச்சம் இருந்தால் அதற்கு மேல் என்ன என்பதை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த மாசம் பூராவும் நான் பட்டறையில் ஒருத்தனையும் திட்டவில்லை. மேஸ்திரி பயந்துபோய் என் மனைவிக்கே போன் போட்டு, "அண்ணன் நல்லா இருக்கறாருங்களா? இன்னிக்குக் கதவைக் கோணையா மாட்டுனோம், பாத்துட்டு, பரவாயில்லீங்கறாரு" என்றானாம்.

ஸ்கேன் முடிந்து டாக்டர் அறைக்குப் போனோம். அம்மணி திரையில் என் ஈரலைக் காட்டினார். சாம்பல் நிறத்தில் ஈரல். அதற்கு நடுவில், முன்பு கட்டி இருந்த இடத்தில், கன்னங்கரேல் என்று ஒரு வட்டம். பழைய கட்டியைவிடப் பெரியது.

பட்டறையில் ஒருத்தன் சூடு அதிகமாக வைத்துவிட்டால் தகட்டில் இப்படித்தான் கறுப்பாக ஓட்டை விழும். அந்தத் தகட்டைத் தூக்கித்தான் போட வேண்டும்.

"ஓட்டை உழுந்துருச்சுங்களா அம்மணி?"

"ஆமாங்க ஐயா" என்று சிரித்தார்.

என் மனைவி நாற்காலியின் கையைப் பிடித்தாள். மகள் ஸ்பீக்கர் போனில் இருந்தாள். "அப்பா? என்னப்பா சொல்றாங்க? அப்பா?"

டாக்டர் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாகப் பக்கத்தில் வந்தார். "ஐயோ, பயப்படாதீங்க. இது நல்ல ஓட்டை. மருந்து ஏத்தினா உயிரோட இருக்கற இடம் மினுங்கும். இங்க எதுவுமே மினுங்கலை பாருங்க. கட்டி முழுசாச் செத்துப்போச்சு. கட்டியைத் தாண்டிச் சுத்தியும் கொஞ்சம் வேணும்னேதான் வேக வெச்சிருக்கோம், ஓரத்துல ஒண்ணும் தப்பிக்கக் கூடாதுன்னு. குழாய்ப் பக்கம் கூடச் சுத்தமா இருக்கு."

என் வேலையில் ஓட்டை விழுந்தால் தோல்வி. இவர்கள் வேலையில் ஓட்டை விழுந்தால் ஜெயம். இதை முன்கூட்டியே சொல்லக் கூடாதா? ஈரல் தழும்புள்ளதுதான், இன்னொரு இடத்தில் புதிதாக வரலாம், மூன்று மாசத்துக்கு ஒரு தடவை வந்து பார்க்க வேண்டும், எடையைக் குறைக்க வேண்டும் என்றெல்லாம் டாக்டர் சொன்னார். எல்லாவற்றுக்கும் சரிங்க என்றேன். போனில் மகள் அழுதுகொண்டிருந்தாள். என் மனைவி டாக்டரின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

வெளியே வந்தால், வரிசையில் ஜலகண்டாபுரத்துக்காரர் ஒருவர் தன் மனைவியோடு உட்கார்ந்திருந்தார். தறி வைத்திருக்கிறவர். போன தடவை ஸ்கேன் வரிசையிலேயே பேசிப் பழக்கம். அவருக்கும் அதே கட்டி, அன்றைக்குத்தான் டாக்டர் அம்மணியை முதன்முதலாகப் பார்க்கப் போகிறார். முகம் வெளிறிக் கிடந்தது. அவருக்குத் தைரியம் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. சந்தோசத்தில் சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

"ஒண்ணுக்கும் பயப்படாதீங்க! எனக்கு ஈரல்லயே ஓட்டை உழுந்துருச்சுங்க! இத்தாம் பெருசு!"

அவர் மனைவி, "வாங்க, நாம ஊட்டுக்குப் போயிரலாம்" என்று அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

நான் பக்கத்தில் உட்கார்ந்து, அது நல்ல ஓட்டை, இருக்க வேண்டிய ஓட்டை என்று முதலிலிருந்து சொல்ல வேண்டியதாயிற்று. வெல்டிங்கை வைத்துச் சொன்னேன், புரியவில்லை. ரசத்தை வைத்துச் சொன்னேன். அந்த அம்மாவுக்குப் புரிந்தது. அதற்குள் அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்தார், நின்றார், என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கூட வாரீங்களா?"

போன வேகத்திலேயே கதவைத் திறந்துகொண்டு திரும்பி வந்து நின்ற என்னைப் பார்த்து டாக்டர் அம்மணி நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். "ஐயா, என்ன ஆச்சு?"

"எனக்கு ஒண்ணுமில்லீங்க அம்மணி" என்றேன்.

சொல்லிவிட்டுக் காதால் கேட்டுப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு தடவையும் சொன்னேன். "எனக்கு ஒண்ணுமில்லீங்க. இவருக்குத்தான்."